களஞ்சியமும் லயத்து அடுப்பும்: அரசின் உணவுக் கையிருப்பு பற்றிய ஒரு மதிப்பீடு

ஒரு நாடு தன் மக்களுக்கான உணவை அரசின் பொறுப்பிலே சேமித்து வைத்தல் வேண்டுமா, அன்றி அப்பணியை வணிகரிடமும் இறக்குமதிக் கப்பல்களிடமும் விட்டுவிடலாமா என்னும் வினா மிகப் பழையது. அரச களஞ்சியத்தின் பாதியை நாட்டுப்புற மக்களின் இடர்க்காலத்துக்கென ஒதுக்கிவைத்து, பழைய தானியத்தைப் புதியதால் மாற்றி வருமாறு கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் விதிக்கின்றது. விலை வீழ்ந்த காலத்தில் வாங்கி, விலை ஏறிய காலத்தில் விற்கும் அரச களஞ்சியங்கள் சீன நாட்டில் கி.மு. முதலாம் நூற்றாண்டிலேயே நிலைபெற்றிருந்தன. தமிழிலே மணிமேகலைக் காப்பியம் இதே சிந்தனையை வேறொரு வடிவில் தருகின்றது. அமுதசுரபி என்றும் வற்றாத பாத்திரம். ஆயினும் அது தானாகப் பசித்தவரைத் தேடிச் செல்வதில்லை. மணிமேகலை அதனைக் கையில் ஏந்திச் சிறைக்கோட்டத்துக்குள் நுழைந்த பின்னரே அங்கிருந்தோர் பசியாறினர். வற்றாத இருப்பு ஒன்று, அதனை ஏந்திச் செல்லும் கை மற்றொன்று; இவ்விரண்டும் வேறு வேறானவை என்பதைக் காப்பியப் புலவர் உணர்ந்திருந்தார் எனலாம். இவ்வேறுபாட்டை மறந்தமையாலேயே உணவுக் கையிருப்புப் பற்றிய அண்மைக்கால விவாதங்கள் பலவும் தடம் புரண்டுள்ளன.

இலங்கையில் இவ்வினா பெரும்பாலும் இரண்டு இடங்களில் நின்று ஆராயப்பட்டுள்ளது. ஒன்று, அரிசிக் கப்பலும் கோதுமைக் கப்பலும் வந்தடையும் கொழும்புத் துறைமுகம். மற்றொன்று, நெல் விளையும் பொலனறுவை, அநுராதபுரம், அம்பாறை ஆகிய மாவட்டங்கள். உணவு சென்று சேரவேண்டிய கடைசி இடத்தில் நின்று இதனை நோக்கியோர் மிகச் சிலரே. அத்தகைய இடங்களுள் ஒன்று றொசல்ல.

மலையகப் புகையிரதப் பாதையில் வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையே அமைந்த சிறு நிலையம் அது. சுற்றிலும் தேயிலை மலைகள். அவற்றின் இடையே லய வரிசைகள். இலங்கையில் மழை மிகுதியாகப் பொழியும் பிரதேசங்களுள் ஒன்றான இங்கே, லயத்துக் குடும்பத்துக்கு உரிமையான வயல் என்று ஒன்று இல்லை. காம்பராவின் புறத்தே ஒரு சிறு மரக்கறிப் பாத்தி இருத்தல் கூடும். அதற்கு மேல் அடுப்பில் ஏறும் அரிசியும் மாவும் மலையின் கீழிருந்தே வந்தாக வேண்டும். உணவை விளைவிக்காத, விலைக்கு வாங்கியே உண்ணுகின்ற, சேமிப்பு அற்ற ஒரு சமூகம் அரசின் கையிருப்பினால் என்ன பயன் பெற்றது, அது இல்லாதபோது என்ன இழந்தது என்பதை ஆராய்வதற்கு இதனிலும் பொருத்தமான உரைகல் கிடைத்தல் அரிது.

தோட்டங்களின் தொடக்க காலத்தில் அரிசிக் களஞ்சியம் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளருக்கு அரிசி கொடாமல் தோட்டம் நடத்தல் இயலாது என்பதைத் துரைமார் அறிந்திருந்தனர். ஆகவே தோட்டமே அரிசியைத் தருவித்து, அளந்து கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் முறை வழக்கில் இருந்தது. தொழிலாளியைக் கடனாலும் அரிசியாலும் கட்டிவைத்த முறை இது என்பதில் ஐயமில்லை. எனினும் அதனுள் ஓர் உண்மை பொதிந்திருந்தது. வயல் இல்லாத மலையில் மக்களைக் குடியேற்றியவர், அவர்களுடைய உணவுக்கும் பொறுப்பாளர் ஆகின்றார் என்பதே அவ்வுண்மை. பின்னாளில் அப்பொறுப்பு துரையிடமிருந்து அரசின் கைக்கு மாறியபோது, எவ்வளவு மாறியது என்பதே ஆராயத்தக்கது.

அரசு அதனை முழுமையாக ஏற்கவேண்டிய சூழல் இரண்டாம் உலகப் போரில் நேர்ந்தது. 1942 மார்ச்சில் இரங்கூன் நகர் ஜப்பானியர் வசமாயிற்று. அக்காலத்தில் இலங்கை உண்ட அரிசியின் பெரும்பகுதி கடல்கடந்து வந்தது; அதிலும் பர்மா அரிசியே முதன்மை பெற்றிருந்தது. அந்த ஆண்டிலேயே பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. ஒலிவர் குணதிலக்க உணவுக் கட்டுப்பாட்டின் பொறுப்பை ஏற்றிருந்தார். கூப்பன் புத்தகம் நகரத்தவனுக்கும் கிராமத்தவனுக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் ஒருங்கே கிடைத்தது. அரிசி குறைந்தபோது கோதுமை மாவும் பிற தானியங்களும் அதன் இடத்தை நிரப்பின. பர்மா அரிசி நின்றதனால் வங்காளமும் பாதிப்புற்றது. அங்கே கல்கத்தா நகரத்துக்கும் அதன் தொழிற்சாலைகளுக்கும் பாதுகாப்பளிக்கப்பட, நாட்டுப்புறம் கைவிடப்பட்டது. 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் மக்கள் மாண்டனர் என மதிப்பிடப்படுகின்றது. இறக்குமதியில் வங்காளத்தை விடப் பெரிதும் தங்கியிருந்த இலங்கையில் அத்தகைய பேரழிவு நிகழவில்லை. உணவை யாவர்க்கும் பகிர்ந்தளிக்கும் கடமையை அரசு ஏற்பதா இல்லையா என்பதே இரு நாடுகளின் விதியையும் வேறாக்கிய காரணங்களுள் முதன்மையானது.

போருக்குப் பின்னர் பங்கீட்டு அரிசி இலங்கை அரசியலின் மையப் பொருளாயிற்று. 1952இல் சீனாவுடன் செய்யப்பட்ட றப்பர்-அரிசி ஒப்பந்தம் அரிசி வரவை உறுதிப்படுத்தியது. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டமை ஓகஸ்ட் மாத ஹர்த்தாலுக்கு வழிவகுத்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். 1966 இறுதியில் இரண்டு கொத்து ஒன்றாகக் குறைக்கப்பட்டது. குறைக்கப்பட்ட கொத்தை மீட்டுத் தருவதாகிய வாக்குறுதி 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் பெரும் பங்கு வகித்தது. இவ்வரலாற்றில் ஒன்று தெளிவாகின்றது. கட்சிகள் யாவும் கொத்தின் எண்ணிக்கையையும் அதன் விலையையும் பற்றி வாதிட்டன. கப்பல் வராத ஓராண்டில் அக்கொத்து எங்கிருந்து வரும் என்னும் வினா மேடைகளில் பெரிதாக எழவில்லை. உலகில் மிக விரிந்த பங்கீட்டு முறைகளுள் ஒன்றை இலங்கை கட்டியெழுப்பியிருந்தது. அதற்கு ஈடான ஆழம் கொண்ட கையிருப்பைக் கட்டியெழுப்பவில்லை. வாய்க்கால் நாடெங்கும் வெட்டப்பட்டது. குளமோ கடலில் மிதக்கும் கப்பலாகவே இருந்தது.

இக்குறைபாடு 1973-74ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்டது. 1972இல் உலகின் பல பகுதிகளில் விளைச்சல் பிழைத்தது. சோவியத் யூனியன் பெருமளவு தானியத்தை உலகச் சந்தையில் வாங்கியது. 1973 ஒக்டோபருக்குப் பின் எண்ணெய் விலை பன்மடங்காயிற்று. உலகச் சந்தையில் அரிசி விலை இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று மடங்குக்கும் மேல் உயர்ந்தது. தேயிலையின் விலையோ அவ்வாறு உயரவில்லை. அந்நியச் செலாவணி வற்றியதும் அரசு பங்கீட்டைக் குறைத்தது. மாவும் சீனியும் சுருங்கின. பாணுக்கு நீண்ட வரிசைகள் தோன்றின. அரசின் கையிருப்பு எவ்வளவாக இருந்திருப்பினும், விலை ஏறியவுடன் பங்கீட்டைக் குறைக்க நேர்ந்தமையே அது காப்பாக அமையவில்லை என்பதற்குப் போதிய சான்றாகும்.

அக்காலத்தில் அரசு எடுத்த மற்றொரு நடவடிக்கை நிலைமையை மேலும் கடுமையாக்கியது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நிறுவப்பட்ட நெற் சந்தைப்படுத்தும் சபைக்கு நெல் கொள்வனவில் தனியுரிமை அளிக்கும் பொருட்டு, தனியார் அரிசியையும் நெல்லையும் இடத்துக்கிடம் கொண்டு செல்லுதல் கட்டுப்படுத்தப்பட்டது. வீதிகளில் சோதனைத் தடைகள் எழுந்தன. நெல் விளையும் கிராமத்தில் வாழ்ந்தவனுக்குத் தன் வீட்டு நெல்லும், தோட்டத்துக் கிழங்கும், பலாவும் இருந்தன. மலையகத்துத் தொழிலாளிக்கு இவற்றுள் எதுவும் இல்லை. கூப்பன் கடையில் குறைந்ததை வெளிச்சந்தையில் ஈடுசெய்யப் பணமும் இல்லை. பணம் இருந்த சிலருக்கு அரிசி வந்து சேரும் பாதையும் இல்லை. பல தோட்டங்களில் வேலை நாட்களும் குறைந்தன. பிரட்டுக்குச் சென்றும் பேர் கிடைக்காது திரும்பிய குடும்பங்கள் பல. அட்டன், கண்டி முதலிய நகரங்களின் வீதிகளில் தோட்ட மக்கள் இரந்து நின்றனர். குடும்பம் குடும்பமாக வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடம்பெயர்ந்தோரும் உளர்.

அதுகாறும் ஆயிரத்துக்கு எட்டை அண்மித்திருந்த இலங்கையின் இறப்பு வீதம் 1974இல் ஒன்பதை எட்டியது. நாட்டின் சராசரியில் இது சிறிய ஏற்றமாகத் தோன்றலாம். ஆனால் அவ்வேற்றத்தின் பெருஞ்சுமை தோட்டங்களின் மீதே விழுந்தது. அங்கே பிறந்த குழந்தைகளுள் ஆயிரத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்டோர் ஓராண்டு நிறையுமுன் இறந்தனர். சராசரி என்பது லயத்து மரணத்தை மறைக்க வல்லது. இன்னுமொன்றும் இங்கு நோக்கற்பாலது. நாட்டுக்கு அரிசி வாங்கும் அந்நியச் செலாவணியின் பெரும்பங்கைத் தேயிலையே ஈட்டிக் கொடுத்தது. அரிசிக்கு விலை கொடுத்த கைகளே அரிசியின்றி வாடின.

இவ்வனுபவத்திலிருந்து ஒரு சாரார் பெறும் முடிவு, உணவு விவகாரத்தில் அரசு தலையிடலாகாது என்பதாகும். தடைகளை விதித்ததும் அரசே, பங்கீட்டைக் குறைத்ததும் அரசே. வணிகரை விட்டிருந்தால் அரிசி தேவையுள்ள இடத்தை நாடிச் சென்றிருக்கும் என அவர் வாதிடுவர். போக்குவரத்துத் தடையைப் பொறுத்தவரை இவ்வாதம் முற்றிலும் சரியானது. ஆனால் முழு முடிவும் அதனின்று பிறவாது. அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட வறுமையும் பஞ்சங்களும் பற்றிய நூல், பஞ்சம் என்பது உணவு இல்லாமையால் மட்டும் நேர்வதன்று, உணவைப் பெறும் உரிமையும் வலுவும் இழப்பதாலும் நேர்வது என நிறுவியது. எத்தியோப்பியாவின் வோலோ மாகாணத்தில் மக்கள் பட்டினி கிடந்த 1973இல் அங்கிருந்து உணவு வெளியே சென்றதையும், வங்காளதேசத்தில் 1974ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது நாட்டின் மொத்த உணவு இருப்பு முன்னைய ஆண்டுகளிலும் குறைந்திராததையும் அவர் எடுத்துக்காட்டினார். சந்தை தேவையைப் பின்தொடர்வதில்லை. பணத்துடன் கூடிய தேவையையே பின்தொடர்கின்றது. 1974இல் தடைகள் இல்லாதிருந்தாலும், பேர் கிடைக்காத தொழிலாளியைத் தேடி எந்த வணிகனும் றொசல்ல மலை ஏறியிருக்கமாட்டான்.

சென்னின் ஆய்வைக் கொண்டே களஞ்சியம் தேவையற்றது என வாதிப்போரும் உளர். பஞ்சத்துக்குக் காரணம் வாங்கும் வலு இன்மையானால், மக்களுக்குப் பணம் கொடுத்தால் போதும். தானியத்தை அடுக்கிவைத்தல் எதற்கு என்பது அவர் கேள்வி. உலகச் சந்தையில் விலை நிலையாகவும் அரசின் கையில் செலாவணி போதியதாகவும் இருக்கும் காலத்தில் இது நல்ல வழியே. இலங்கை இதனையும் பரீட்சித்துப் பார்த்தது. 1978இல் பங்கீடு மாத வருமானம் 300 ரூபாவுக்குட்பட்ட குடும்பங்களுக்கென வரையறுக்கப்பட்டது. 1979இல் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் எழுதப்பட்ட ரூபாத் தொகை அவ்வாறே நிற்க, விலைவாசி அதனைத் தின்றது. கணவனும் மனைவியும் பிள்ளையும் வேலை செய்யும் லயத்துக் குடும்பத்தின் வருமானம் தோட்டப் பதிவேட்டில் சதக்கணக்கில் பதியப்பட்டிருந்தது. வருமானத்துக்குப் பதிவேடு இல்லாதோர் வறியவராகக் கணிக்கப்பட, பதிவேடு உள்ள தொழிலாளர் பலர் அத்திட்டத்துக்கு வெளியே நின்றனர். பணமும் முத்திரையும் விலை ஏறும்போது சுருங்கும். ஒரு கொத்து அரிசி எவ்விலையிலும் ஒரு கொத்து அரிசியே.

இதற்கு மறுதலையான குறைபாடும் உண்டு. வாய்க்கால் இல்லாத குளம் அது. 2001இல் இந்திய அரசின் களஞ்சியங்களில் 5 கோடித் தொன்னுக்கு மேற்பட்ட தானியம் குவிந்திருந்தது; அதே காலத்தில் இராஜஸ்தான் முதலிய மாநிலங்களில் மக்கள் பட்டினியால் வாடினர். மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தை நாடிய பின்னரே உணவு பெறுதல் உரிமை என்னும் கருத்து அங்கு வலுப்பெற்றது. இலங்கையில் நெற் சந்தைப்படுத்தும் சபை 1990களில் செயலிழந்து, பின்னர் மீள உயிர்ப்பிக்கப்பட்டது. 2015இல் அச்சபை வாங்கிய நெல்லை வைக்க இடமின்றி மத்தளை விமான நிலையத்தின் சரக்குக் கட்டடம் களஞ்சியமாக்கப்பட்டது. விவசாயிக்கு விலை உறுதி அளிக்க நெல் வாங்கப்பட்டது. அந்நெல் யாருக்கு, எவ்வழியால், எப்போது அரிசியாகச் சேரும் என்னும் திட்டம் வாங்கும்போதே வகுக்கப்படவில்லை.

குளமும் இன்றி வாய்க்காலும் இன்றி நாடு நின்ற காலம் 2022. முந்திய ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதும் பெரும்போக விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது. 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்தியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைக் கடந்தது. 2021இல் நீண்ட போராட்டத்தின் பின் கிடைத்த 1000 ரூபா நாட்சம்பளத்தின் மதிப்பு ஓராண்டுக்குள் கரைந்தது. உலக உணவுத் திட்டத்தின் மதிப்பீடுகள் நாட்டின் பிற துறைகளைக் காட்டிலும் தோட்டத்துறையிலேயே உணவுப் பாதுகாப்பின்மை மிகுந்திருந்ததைக் காட்டின. நாற்பத்தெட்டு ஆண்டுகளின் பின் அதே மலை, அதே லயம், அதே வெற்றடுப்பு.

அவ்வேளையில் தமிழ்நாட்டு அரசு 40,000 தொன் அரிசியை இலங்கை மக்களுக்கு அனுப்பியது. 1965இல் தஞ்சாவூரில் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்த இந்திய உணவுக் கூட்டுத்தாபனமும், 1972இல் தோன்றிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகமும், அவற்றின் வழிவந்த நியாய விலைக் கடைகளும் அம்மாநிலத்தில் இருப்பையும் விநியோகத்தையும் ஒன்றாகப் பிணைத்துள்ளன. தனக்கு மிஞ்சி அயலாருக்கும் கொடுக்கக்கூடிய நிலை அதனால் வாய்த்தது.

அந்த 40,000 தொன் என்னும் தொகை சிந்தனைக்குரியது. இலங்கை முழுவதும் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் தொன் அரிசி உண்கின்றது. ஆகவே அது முழு நாட்டுக்கும் ஆறு நாள் உணவே. ஆனால் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி தோட்டத்துறையில் வாழ்வோர் ஏறத்தாழ 9 இலட்சம் பேர். ஆளுக்கு மாதம் 9 கிலோ எனக் கொள்ளின் அவர்களுடைய தேவை 8,100 தொன்; மூன்று மாதத்துக்கு 24,300 தொன். எனவே அதே 40,000 தொன் தோட்டத்துறைக்கு ஏறத்தாழ ஐந்து மாத உணவாகும். கையிருப்பு வைத்தல் நாட்டின் நிதிக்குத் தாங்கொணாச் சுமை என்போர் இக்கணக்கை நோக்குதல் வேண்டும். நாடு முழுவதும் ஓராண்டு உண்ணும் அரிசியை அடுக்கிவைக்க எவரும் கோரவில்லை. வயலும் சேமிப்பும் அற்றோருக்கான காப்பு, வறிய நாடொன்றும் தாங்கத்தக்க அளவினதே.

அவ்வாறாயின் அக்கையிருப்பு எத்தகையதாக இருத்தல் வேண்டும்? முதலாவது, அது நெல்லாக மட்டும் இருத்தல் போதாது. மலையகத்தின் காலை உணவும் பகல் உணவும் பெரும்பாலும் ரொட்டியே. கோதுமை இலங்கையில் விளைவதில்லை. மாவும் பருப்பும் இல்லாத கையிருப்பு லயத்து அடுப்பை அறியாத கையிருப்பாகும். இரண்டாவது, அது உரிய இடத்தில் இருத்தல் வேண்டும். உலர்த்தி ஈரப்பதத்தை 14 சதவீதத்துக்குள் கொண்டுவந்த நெல் உலர் வலயத்தில் நெடுநாள் நிற்கும். றொசல்லவின் ஈரக் காற்றில் விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே பெருங்களஞ்சியம் வயலின் அருகிலும், ஒரு மாதத் தேவைக்கான அரிசியும் மாவும் மலையின் மேலுமாக இரண்டு படிநிலைகள் அமைதல் தகும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின் மழையால் மண்சரிவுகள் மலையகத்தின் வீதிகளையும் புகையிரதப் பாதையையும் துண்டித்தன. கீழே எவ்வளவு இருப்பு இருந்தாலும் மேலே ஒன்றும் இல்லையேல் அது அவ்வேளைக்கு உதவாது என்பது அப்போது புலனாயிற்று. மூன்றாவது, இருப்பு ஓரிடத்தில் உறங்கலாகாது. பழையது கூட்டுறவுக் கடைகள் வழியாகவும் பாடசாலை மதிய உணவாகவும் வெளியேறி, புதியது உள்ளே வருதல் வேண்டும். அப்போதே கௌடிலியர் கூறிய விதி நிறைவேறும். விநியோகப் பாதையும் இடர் வருமுன்னரே பழக்கப்பட்டிருக்கும்.

நான்காவது நிபந்தனையே யாவற்றிலும் கடினமானது. உணவு பெறும் உரிமை எதனோடும் பிணைக்கப்படலாகாது. தோட்ட வரலாற்றில் அரிசி முதலில் வேலையோடு பிணைக்கப்பட்டது. பின் வருமானப் பதிவேட்டோடு பிணைக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின் பல பத்தாண்டுகள் இம்மக்களின் உரிமைகள் பலவும் பிரஜாவுரிமை என்னும் கதவின் முன் காத்துக் கிடந்தன. நிர்வாகத்தின் பட்டியலிலோ, தொழிற்சங்கத்தின் சிபாரிசிலோ, கட்சிக்காரரின் கையொப்பத்திலோ தங்கியிருக்கும் அரிசி உதவியாகலாம்; உரிமையாகாது. 1942ஆம் ஆண்டுக் கூப்பன் புத்தகத்தின் சிறப்பு, அது ஆளுக்கென வழங்கப்பட்டமையே.

களஞ்சியத்தில் ஊழல் நடக்கும், எலி தின்னும், அரசியல்வாதி தன் பெயரைப் பொறிப்பான் என்னும் ஐயங்கள் நியாயமானவை. அவை கணக்காய்வுக்கும் பொதுமக்கள் பார்வைக்கும் உரிய காரணங்கள். களஞ்சியத்தை மூடிவிடுவதற்குரிய காரணங்கள் ஆகா. 1974இலும் 2022இலும் களஞ்சியம் இல்லாமையின் செலவும் ஒருவரால் செலுத்தப்பட்டது. அது எந்த அரசின் வரவு செலவுத் திட்டத்திலும் பதியப்படவில்லை. தோட்டத்து இறப்புப் பதிவேடுகளிலும் பிள்ளைகளின் எடை குறைந்த உடல்களிலும் பதியப்பட்டது.

ஆகவே ஒரு நாட்டுக்கு அரசின் உணவுக் கையிருப்புத் தேவையா என்னும் வினாவுக்கு ஆம் என்பதே விடை. இறக்குமதியில் தங்கியதும், தன் மக்களுள் ஒரு பகுதியினரை வயலற்ற மலைகளில் குடியேற்றி வைத்ததுமான நாட்டுக்கு அது இரட்டிப்புத் தேவையாகும். ஆயினும் எத்தனை தொன் அடுக்கப்பட்டுள்ளது என்பதைக் கொண்டு அதன் தகுதியைத் துணிதல் பொருந்தாது. கப்பல் தாமதித்து, வீதி சரிந்து, பிரட்டில் பேரும் கிடைக்காத ஒரு வாரத்தில் றொசல்லவின் லயம் ஒன்றில் உலை வைக்கப்பட்டதா என்பதைக் கொண்டே அதனைத் துணிதல் வேண்டும்.